நாற்பத்தோரு படங்கள்

தன் புருஷன் பெயரில் வியாழனுக்கு அப்பால் ஒரு கிரகம் இருக்கிறது என்று சந்திரலேகா கேள்விப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது. சொன்னவள் சத்யப்பிரியா என்று ஒரு பெண். தமிழில் வந்த விஞ்ஞானக் கதைகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவளாம். கடலூர் முதுநகரில் நாலு தெரு விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து வந்து, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த காப்பியைக் குடிக்க மறந்து பேசிக்கொண்டே இருந்தாள். கிரகத்தின் பெயர் கொளஞ்சி நாலு. அங்கே மழை தரையிலிருந்து கிளம்பி மேலே போகும். பழங்காலத்தில் பூமியில் வாழ்ந்த கொளஞ்சியப்பன் என்ற ஓவியரின் நினைவாக விண்வெளிக்காரர்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். சந்திரலேகா கீரைக்காம்பைக் கீழே போட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவரு திருப்பதிக்கே ஒரே ஒரு தடவதாம்மா போனாரு. நீ வேற யாரையோ தேடி வந்துட்ட.”

சத்யப்பிரியா ஃபைலைத் திறந்து காட்டினாள். சிதம்பரத்தில் சபேசன் என்று ஒருவர். முப்பது வருஷமாகச் சின்னப் பத்திரிகைகளில் விஞ்ஞானக் கதை எழுதியவர். படித்தவர்கள் கொஞ்சம், ஞாபகம் வைத்திருப்பவர்கள் அதைவிடக் கொஞ்சம். இவளுக்குப் பதினேழு கதைகள் கிடைத்திருக்கின்றன. பதினேழிலும் எங்கேயாவது ஒரு மூலையில் கொளஞ்சியப்பன் என்ற ஓவியர் தலைகாட்டிவிடுகிறார். ஒரு கதையில் விண்கலத்தின் நடைவழியில் அவர் படம் தொங்குகிறது. இன்னொன்றில், எதிரே நிற்பது மனுஷனா இயந்திரமா என்று சந்தேகம் வந்தால் அவர் வரைந்த படிக்கட்டை எடுத்துக் காட்டுகிறார்கள். மனுஷனுக்குத் தலை சுற்றும். இயந்திரம் சளைக்காமல் படிகளை எண்ண ஆரம்பித்துவிடும். கற்பனைப் பெயர் என்று நினைத்து ஓர் அத்தியாயமே எழுதி முடித்தபிறகு சத்யப்பிரியா போன வாரம் சபேசனைப் பார்க்கப் போயிருக்கிறாள். கற்பனையா, என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர், போன ஆவணியில்தான் காலமானார், வீட்டில் போய்க் கேள் என்று அவர் விலாசம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சபேசன் என்ற பெயர் சந்திரலேகாவுக்குத் தெரியும். வீட்டில் அவருக்குச் ‘சிதம்பரத்து சார்’ என்று பெயர். தினம் ரயிலில் வந்து போன மனுஷர். மத்தியானம் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஆபீஸ் மரத்தடியில் உட்காருவார்கள் என்றும், சார் கதை எழுதுவார் என்றும் கொளஞ்சியப்பன் சொல்லியிருக்கிறார். என்ன கதை என்று இவள் கேட்டதில்லை. புருஷன் போன அன்று சார் வரவில்லை. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாராம். மூன்று வாரம் கழித்துப் போன் பண்ணி, பேச முடியாமல் வைத்துவிட்டார்.

கொளஞ்சியப்பன் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். வயலுக்கு எல்லைக்கல் எங்கே, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எத்தனை மீட்டர் என்று வருகிற அளவை வைத்துப் புலப்படம் போடுகிற வேலை. கோடு ஒரு நூல் கோணினாலும் திட்டக்குடியில் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து வந்துவிடும் என்பார். அளக்காமல் ஒரு கோடு போட மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியதும் பொய் பொய்யாக வரைவார். ஏறிக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிற படிக்கட்டு. எட்டிப் பார்த்தால் கோபுரமாகத் தெரிகிற கிணறு. உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்று சொல்ல முடியாத கதவு. அந்தக் காலத்தில் அதெல்லாம் அவர்கள் ஒரே மகள் இளமதிக்காக வரைந்தது. அவள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, படத்தில் இருக்கிற ஆள் மேலே போகிறானா கீழே போகிறானா என்று அப்பாவோடு சண்டை போடுவாள். ஜெயித்தாலும் தோற்றாலும் படத்தைக் கிழித்துக் கப்பல் விடுவாள். அதனால் அந்தக் காலத்துப் படம் ஒன்றுகூட மிச்சமில்லை.

இளமதிக்கு எட்டு வயது நடந்தபோது மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். காரியம் முடிந்த மறுநாள் சந்திரலேகா மகளுடைய துணி, புத்தகம், போட்டோ எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். இனிமேல் இந்த வீட்டில் அந்தப் பெயரைக் கேட்கக் கூடாது, கேட்டால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று புருஷனிடம் சொன்னாள். கொளஞ்சியப்பன் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிறவர். இருபத்து நாலு வருஷம் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் படம் வரைவதை மட்டும் நிறுத்தவில்லை. அதுதான் சந்திரலேகாவுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் படிக்கட்டு விளையாட்டு கேட்கிறதா, இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று வருஷக்கணக்காக உள்ளுக்குள் குமைந்தாள். அவர் கட்டிலில் தாளை விரித்தால் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவாள். மற்றபடி குறை சொல்ல முடியாத புருஷன். இவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பருப்புக் கணக்கில் தலை சுற்றுகிற நாளில் அவரே சோறு வடித்து வைத்திருப்பார். ஆனாலும் அந்தப் படங்களில் ஒன்றையாவது அவள் நின்று பார்த்ததில்லை.

சத்யப்பிரியா கடைசியில் அதைத்தான் கேட்டாள். படங்களை ஒரு தடவை பார்க்க முடியுமா, போன் வைத்தே போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

“அதெல்லாம் அவரோடயே அனுப்பிட்டேம்மா” என்றாள் சந்திரலேகா. பெருமையாகத்தான் சொன்னாள்.

அவர்கள் பக்கத்தில் அது வழக்கம். செத்தவருக்குப் பிரியமானது ஏதாவது இருந்தால் கூடவே வைத்துவிடுவார்கள். வெற்றிலைப் பெட்டி, மூக்குக்கண்ணாடி, சீட்டுக்கட்டு, யாருக்கு எதுவோ அது. பாடையைத் தூக்கப் போகிற நேரத்தில் கொழுந்தன் கோவிந்தசாமி உள்ளே வந்து, அண்ணனுக்குப் பிரியமானது ஏதாவது இருந்தால் கொடுங்கள் அண்ணி என்று கேட்டபோது, எல்லாரும் அவருடைய ரேடியோவைப் பார்த்தார்கள். சந்திரலேகா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, நாடா போட்டுக் கட்டியிருந்த தாள் சுருளை எடுத்து வந்து கொடுத்தாள். உள்ளே நாற்பத்தொன்று என்று சுருளின் மேல் அவரே பென்சிலால் எழுதி வைத்திருந்தார். இத்தனை வருஷம் முகம் கொடுக்காத பொருளைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தோம், இனி ஒரு மனக்குறையும் இல்லை என்று அன்று அவளுக்கு அழுகைக்கு நடுவிலும் ஒரு நிம்மதி இருந்தது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. உப்பனாற்றங்கரையில் சுருளை நெஞ்சின் மேல் வைத்துத்தான் கொள்ளி வைத்தோம் என்று கோவிந்தசாமி வந்து சொன்னான். நேற்றுவரைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதை ஒரு நல்ல காரியமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் இந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்ததும் சந்திரலேகாவுக்குத் திக்கென்றது. சத்யப்பிரியா ஃபைலைப் புரட்டினாள். பிறகு, அப்படியானால் இந்தக் கதைகளில் இருப்பது மட்டும்தான் மிச்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து வாசித்தாள். மூவாயிரத்து இருநூறாம் வருஷம். செவ்வாயில் ஒரு காட்சிக்கூடம். ‘பூமியில் எத்தனையோ நகரங்கள் அழிந்துபோயின. கொளஞ்சியப்பனின் ஓவியங்கள் மட்டும் ஒரு கோடும் கலையாமல் இங்கே வந்து சேர்ந்தன. பார்க்க வந்தவர்கள் ஏழாவது படியில் நிற்கும் சிறுமியைத் தேடினார்கள். இரட்டைப் பின்னல், செருப்பைக் காலில் போடாமல் கையில் பிடித்திருந்தாள்.’ அந்தச் சிறுமி பல கதைகளில் வருகிறாள், செருப்பு எதற்குக் குறியீடு என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்றாள்.

சந்திரலேகா கீரையைத் தள்ளி வைத்தாள். குறியீடாவது மண்ணாவது. புதுச் செருப்பு தேய்ந்துவிடும் என்று பள்ளிக்கூடம்வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்துபோகிற பிள்ளை இந்தத் தெருவில் ஒன்றுதான் இருந்தது. வாசலில் நுழையும்போது போட்டுக்கொள்வாள், சாயங்காலம் மறுபடியும் கழற்றிக்கொள்வாள். அதற்காக இவளிடம் அடிகூட வாங்கியிருக்கிறாள். எத்தனை கதையில் வருகிறாள் என்று கேட்டபோது சந்திரலேகாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. சத்யப்பிரியா தன் அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்தாள். முதல் மூன்று கதைகளில் இல்லை. அதற்கப்புறம் பதினாலிலும் யாராவது ஒருத்தி இருக்கிறாள். ஒன்றில் சின்னப் பெண், ஒன்றில் பாவாடை தாவணி, ஒன்றில் புடவை கட்டியவள். வேறு வேறு ஆட்கள் என்று நினைத்தேன் என்றாள். எல்லார் கையிலும் செருப்பு உண்டா என்று கேட்டாள் சந்திரலேகா. எல்லார் கையிலும் உண்டு.

திங்கட்கிழமை சாருக்குப் போன் பண்ணிப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனபிறகு கீரை அப்படியே கிடந்து வாடியது. சந்திரலேகாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. செருப்புப் பிள்ளை படத்தில் இருந்தாளா, இல்லை கதை எழுதின மனுஷன் சினேகிதன் வாயிலிருந்து கேட்டதை வைத்துக் கதையில் சேர்த்துக்கொண்டாரா? கதைதான் என்றால் பிழைத்தாள். படத்தில் இருந்தாள் என்றால், மகளை இரண்டாம் தடவையும் கொள்ளிக்குக் கொடுத்தவள் இவள்தான், அதுவும் தன் கையால். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதை என்று தெரிந்தும், சனிக்கிழமை காலையில் கிளம்பிச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். சத்யப்பிரியா சொல்லிவிடுவதற்கு முன்னால், படங்களுக்கு என்ன ஆனது என்பதைத் தானே சாரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

சபேசனின் வீடு கீழ வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. தேர் வருகிற தெருவுக்குப் பின்னால் இருப்பதால் சத்தம் குறைவு. அவர் மனைவி பார்வதம் கதவைத் திறந்து, யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சட்டென்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். சபேசன் வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். பார்வை நடுவில் மங்கிப்போய், ஓரத்தில் இருப்பது மட்டும்தான் தெரிகிறது என்றார். அதனால் சந்திரலேகாவைப் பார்ப்பதற்கு முகத்தைக் கொஞ்சம் அப்பால் திருப்பிக்கொண்டார். யாரோ மூன்றாவது ஆளிடம் பேசுவதுபோல இருந்தது.

“வாங்கோ. இவ்வளவு நாளா ஒங்களுக்காகத்தான் காத்துண்டிருந்தேன்” என்றார். “படமெல்லாம் பத்திரமா இருக்கோல்லியோ?”

ஒன்றரை மணி நேர பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம் ஒன்றுக்கும் உதவவில்லை. அந்த மனுஷன் முகத்தில் அத்தனை நம்பிக்கை. கண் தெரியாத ஆள், இடுப்பு ஒடிந்து எழுந்தவர், கேட்கிற முதல் கேள்வியே இது.

“இருக்கு சார்” என்றாள். “பெட்டியிலதான் இருக்கு.”

அவர் பெருமூச்சு விட்டார். பார்வதம் மோர் கொண்டுவந்து வைத்தாள். சந்திரலேகா தம்ளரைத் தொடாமல், வந்த விஷயத்தைக் கேட்டாள். செருப்பைக் கையில் பிடித்த பிள்ளையைக் கதையில் நீங்கள் எழுதினீர்களா, அவர் வரைந்தாரா? சபேசன் வாசல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே பேசினார். கதையில் ராக்கெட் தன்னுடையது, கிரகம் தன்னுடையது, மழை மேலே போனது மட்டும் ஒரு நாள் கொளஞ்சியப்பனிடம் கேட்டு எழுதியது என்றார். படங்களை எங்கேயாவது வைக்கலாம், பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறார். கொளஞ்சியப்பன் தலையை ஆட்டிவிடுவார். மத்தியானம் பையிலிருந்து எடுத்து இவரிடம் மட்டும் காட்டுவார், இவர் ரிட்டயரானபிறகு வீடு தேடி வந்தும் காட்டினார், பார்த்ததும் சுருட்டி எடுத்துப்போய்விடுவார். இப்போது இருக்கிற ஜனங்கள் பார்க்காவிட்டால் போகட்டும், ஆயிரம் வருஷம் கழித்து இருக்கிறவர்களாவது பார்க்கட்டும் என்றுதான் கதைக்குக் கதை அவர் பெயரைச் சொருகினாராம். அதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவள் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

“கொழந்தை மேல மட்டும் நான் கை வைக்கலை. அவர் வரைஞ்சது வரைஞ்சபடி எழுதினேன். நாப்பத்தோரு படத்துலயும் அவ இருக்கா.”

சந்திரலேகா புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். சும்மா பார்த்தால் தெரிய மாட்டாள். படிக்கட்டு எங்கே பொய் சொல்கிறதோ, எந்த இடத்தில் கண் தடுமாறி மேலும் கீழும் அலைகிறதோ, அங்கேதான் விரல்நகம் அளவுக்கு நிற்பாள். வருஷா வருஷம் வளர்த்தார். பத்தாவது படத்தில் பன்னிரண்டு வயசு, இருபதாவது படத்தில் காலேஜ் போகிற பெண். அளக்காமல் கோடு போட மாட்டாரே, வளர்ந்த பெண்ணை எப்படி வரைந்தார் என்று இவர் ஒரு நாள் கேட்டிருக்கிறார். எங்கள் தெருவில் பொன்னி என்று ஒரு பெண், இவளோடு ஒரே வகுப்பு, அவள் உயரம்தான் எனக்கு எல்லைக்கல் என்றாராம். முகத்துக்கு மட்டும் வீட்டில் ஆள் இருக்கிறது என்றாராம்.

பொன்னி என்றதும் சந்திரலேகாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்தப் பெண் தெருவில் போனால் இந்த மனுஷன் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வருவார். எத்தனாவது படிக்கிறாய், உயரம் ஏறிவிட்டாயே என்று கேட்பார். அவள் கல்யாணத்துக்கு நெல்லிக்குப்பம்வரை தனியாகப் போய்விட்டு வந்தார். போன வருஷம் பொன்னி கண்ணாடி போட ஆரம்பித்துவிட்டாள், சந்திரா, என்று சாப்பிடும்போது காரணமில்லாமல் சொன்னார். ஊரார் பிள்ளை மேல் அப்படி என்ன அக்கறை, நம் பிள்ளையை மறந்துபோச்சு என்று இவள் அன்று சோற்றில் கையை வைத்துக்கொண்டே வெந்தாள். மறந்தது யார்? இளமதிக்கு இப்போது எத்தனை வயதாகியிருக்கும் என்று இந்த இருபத்து நாலு வருஷத்தில் இவள் ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணக் கூடாது என்று தன்னைத் தானே கட்டிப்போட்டிருந்தாள். அவர் தினமும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

“இதெல்லாம் யாருக்கு வரையறேள்னு ஒரு நாள் கேட்டேன்” என்றார் சபேசன். “‘சந்திராவுக்குத்தான் சார். பேரச் சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னா. பாக்க மாட்டேன்னு சொல்லல. என்னிக்காவது ஒரு நா பாப்பா’ன்னார். அதான் நான் ஒண்ணுகூட வாங்கி வெச்சுக்கலை. ஒங்க சொத்து, நான் எப்படிக் கேக்கறது?”

சந்திரலேகாவால் அழ முடியவில்லை. அழுதால் எதற்கு என்று கேட்பார். அவருக்குப் பிரியமானது என்று நினைத்து அவரோடு அனுப்பினாள். அவர் இவளுக்கென்று சேர்த்து வைத்ததாம். தனக்கு வந்த கடுதாசியைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டாயிற்று.  தம்ளரை எடுத்து மோரை ஒரே மூச்சில் குடித்தாள்.

வீட்டில் போய்ப் பெட்டியைத் திறந்ததும் தேட முடியாமல் தவிக்கக் கூடாது என்று சபேசன் ஒரு பட்டியல் தரப்போவதாகச் சொன்னார். தன்னால் எழுத முடியாது என்பதால் பார்வதத்தை உட்காரவைத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு படமாகச் சொன்னார். நாலாவது, கோபுரக் கிணறு. மூன்றாவது உறைக்குக் கீழே பாருங்கோ, வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆறாவது, இரண்டு பக்கமும் திறக்கிற கதவு. தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், பல் விழுந்த வாயோடு. பதினாறாவது, தண்ணீர் மேலே ஏறுகிற வாய்க்கால். மதகுமேல் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருப்பாள், தாவணி. அப்படிப் பத்தொன்பது படங்கள் அவருக்கு வரிசையாக ஞாபகம் இருந்தன. பார்வதத்தின் எழுத்து சின்னதாக, முத்து முத்தாக இருந்தது. நடுவில் ஒரு தடவை அவள் பேனாவை நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். சந்திரலேகா ஒவ்வொன்றுக்கும் சரி சார், சரி சார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கடைசிப் படம் வேற மாதிரி” என்றார் சபேசன். அது கொளஞ்சியப்பன் போவதற்கு ஒரு மாதம் முன்பு, பஸ் ஏறி வந்து இதே கூடத்தில் இவரிடம் காட்டியது. இடுப்பு ஒடிவதற்கு முன்னால், கண் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்தபோது. ஒரு பெஞ்சியில் இரண்டு பெண்கள். பார்த்த மாத்திரத்தில் ஒருத்திக்கு ஒருத்தி முதுகு காட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அதே பெஞ்சியில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதில் அவள் நகம் அளவு இல்லை, முழுசாக இருக்கிறாள். முப்பத்திரண்டு வயசு. செருப்பைக் கழற்றிப் பெஞ்சிக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

“இன்னொருத்தி நீங்க. ஆனா முகம் போடலை, காலியா விட்டிருக்கார். ஞாபகத்துல போட்டா தப்பாயிடும், அவ எதிர்ல ஒக்காந்தாதான் போட முடியும்னார். கேக்க வேண்டியதுதானேன்னேன். ரெண்டு தடவை கேட்டுட்டேன் சார், அவளுக்கு வேலை ஜாஸ்தின்னார்.”

கேட்டார். ஆடி மாதம் அது. சந்திரா, செத்த நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காரேன் என்றார். இவள் திங்கட்கிழமைச் சத்துணவுக்கு வந்திருந்த முட்டையைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தை மறைக்கிறோம் என்று சொல்கிறார்போல என்று நினைத்து, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்னொரு நாளும் கேட்டார். எனக்கு வேற வேலை இல்லையா என்றாள். அவர் சரி சரி என்றார். அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்பதற்கு நாளும் இருக்கவில்லை.

பார்வதம் தாளை மடித்து அவள் கையில் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இரண்டு பேரும் வற்புறுத்தியதில் சந்திரலேகா இலையில் உட்கார்ந்து, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் சாப்பிட்டாள். கிளம்பும்போது சபேசன் வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசல்வரைக்கும் வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் கார் எடுத்து வருகிறான், கடலூருக்கு வரலாமா என்று கேட்டார். தனக்கு இனிமேல் படம் தெரியாது, பரவாயில்லை. அவள் ஒவ்வொன்றாக விரித்துக் குழந்தையைக் கண்டுபிடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார். அவருடைய முகம் தெருப்பக்கம் திரும்பியிருந்தது, அதாவது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். சந்திரலேகாவுக்கு அது தெரிந்தது.

“வாங்க சார்” என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் மூன்றரை மணிக் கடலூர் வண்டி நின்றிருந்தது. வலது பக்கம் சீட்டெல்லாம் நிரம்பிவிட்டது. இடது பக்கத்தில் மேற்கு வெயில் நேராக அடித்ததால் ஜன்னலோரம் முழுதும் காலி. சந்திரலேகா அங்கே போய் உட்கார்ந்தாள். ரெக்சின் சீட்டு சுட்டது. மடித்த தாளை ரவிக்கைக்குள் சொருகினாள். திங்கட்கிழமை அந்தப் பெண் சத்யப்பிரியா சாருக்குப் போன் பண்ணுவாள், அன்றைக்கே எல்லாம் தெரிந்துபோகும் என்று நினைத்தாள். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். இவள் புளுகுக்கு இரண்டு நாள். அந்தக் கிழவர் அதைக் கேட்டுவிட்டு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார் என்று யோசித்தாள். புதுச்சத்திரம் தாண்டியது. கண்டக்டர் சீட்டு கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு அவள் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். நெற்றியில் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். முதுகை நிமிர்த்தி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாள். வெயில் நெற்றியிலிருந்து கழுத்துவரை முழுசாக விழுந்தது. கண் கூசியது, மூடவில்லை. வலது பக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, “அக்கா, இந்தாண்ட வாங்க, நெழலா இருக்குது” என்று கூப்பிட்டாள்.

“இருக்கட்டும்மா” என்றாள் சந்திரலேகா, திரும்பாமலே. “செத்த நேரம் இப்படியே உக்காந்திருக்கேன்.”

ஆலப்பாக்கத்தில் ஆள் இறங்கி ஆள் ஏறினார்கள். வியர்வை புருவத்தில் கட்டி, கன்னத்தின் வழியாக இறங்கி, தாடையில் வந்து நின்றது. துடைத்தால் முகம் அசைந்துவிடும் என்று அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.